மேல்மாடிக்கு முன்னால் கீழ்வீட்டை அளந்து பாருங்கள்

தருமபுரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

“ஐயா, எங்கள் வீடு தருமபுரி டவுனை ஒட்டி, பென்னாகரம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, கிராமப் பஞ்சாயத்துக்குள் வருகிறது. 30-க்கு 50 அடி மனை, 1998-இல் மாமனார் பெயரில் வாங்கியது. 2006-இல் பஞ்சாயத்தில் பிளான் அப்ரூவல் வாங்கி 900 சதுர அடியில் வீடு கட்டினார். பிற்பாடு முன்னால் ஒரு போர்டிகோ போட்டோம். மாமனார் இறந்து 5 வருடம் ஆகிறது, மாமியார் எங்களோடு இருக்கிறார், நாத்தனார் இரண்டு பேரையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. தை மாதம் பையனுக்குக் கல்யாணம். அதற்குள் மேலே ஒரு வீடு எடுத்துவிட்டு, போர்டிகோவை அடைத்து ஷட்டர் போட்டு நான் தையல் கடை வைக்கலாம் என்று இருக்கிறோம். படிக்கட்டு கிழக்குப் பக்கச் சந்தில். கீழ்வீட்டு அப்ரூவலே போதும், மேலே கட்ட தனியாக எதுவும் வேண்டாம் என்கிறார் மேஸ்திரி. பேங்கிலோ அப்ரூவ்டு பிளான் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சந்தில் படிக்கட்டு வந்தால் மனு கொடுப்பேன் என்று சொல்லிவிட்டார். நாங்கள் என்ன செய்வது?”

வணக்கம் அம்மா. முதலில் மேஸ்திரி சொன்னதை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதை நம்பி நாளைக்கே செங்கல் இறக்கிவிடுவீர்களோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. அவர் சொல்வது தவறு. 2006-இல் உங்கள் மாமனார் வாங்கிய அனுமதி அன்றைக்கு வரைபடத்தில் காட்டிய அந்த ஒரு தளத்துக்கு மட்டும்தான். மேலே ஒரு தளம் எடுப்பது, பக்கவாட்டில் ஒரு அறை சேர்ப்பது, வீட்டின் ஒரு பகுதியைக் கடையாக்குவது என எதுவானாலும் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி புதிதாக அனுமதி வாங்க வேண்டிய வேலை. தரைக்கு டைல்ஸ் மாற்றுவது, சுவர் பூசுவது, பெயிண்ட் அடிப்பது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு யாரிடமும் போக வேண்டாம். தளம் போடுகிற வேலை அந்தக் கணக்கில் வராது. கிராமப் பஞ்சாயத்து என்பதால் விதி இல்லை என்று நம் பக்கத்தில் இன்னும் பலர் நினைக்கிறார்கள். 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் போடப்பட்டன. சென்னைக்கு என்ன புத்தகமோ அதே புத்தகம்தான் உங்கள் ஊருக்கும்.

சரி, அனுமதி வேண்டும், வாங்கிவிடலாம் என்று கிளம்பும்போதுதான் உங்கள் விஷயத்தில் உண்மையான சிக்கல் ஆரம்பிக்கிறது. மேல்மாடிக்கு விண்ணப்பம் போட்டால் மேல்மாடியை மட்டும் பார்ப்பார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. வரைபடத்தில் இப்போது நிற்கிற கட்டடத்தை ஒரு நிறத்திலும் புதிதாகக் கட்டப்போவதை வேறு நிறத்திலும் காட்ட வேண்டும். அப்போது கீழ்வீடும் சேர்ந்தே பரிசீலனைக்கு வருகிறது. 2006-இல் ஒரு வரைபடம் கொடுத்து, கட்டும்போது இரண்டு அடி தள்ளிக் கட்டி, அதன் பிறகு வரைபடத்திலேயே இல்லாத ஒரு போர்டிகோவும் சேர்ந்திருந்தால், இத்தனை வருடம் யாரும் கேட்காமல் இருந்த அத்தனையும் அந்த ஒரு தாளில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: மேலே என்ன கட்டலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் கீழே என்ன நிற்கிறது என்பதை அளந்து தாளில் எழுதுங்கள்.

இதற்கு இன்ஜினியர்கூட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நீங்களும் பையனும் ஒரு 100 அடி டேப் எடுத்துக்கொண்டு செய்யலாம். மனையின் நான்கு பக்கமும் அளந்துகொள்ளுங்கள். பத்திரத்தில் 30-க்கு 50 என்று இருக்கும், இடத்தில் 29 அடிதான் இருக்கும், அந்த ஓர் அடி பக்கத்து மனையின் காம்பவுண்டுக்குள் போயிருக்கும். அப்புறம் வீட்டின் நான்கு மூலையிலிருந்தும் எல்லைக்கு எவ்வளவு தூரம் என்று பாருங்கள். சுவரிலிருந்து ஒருமுறை, சன்ஷேட் நுனியிலிருந்து ஒருமுறை. தெருவின் அகலத்தையும் வீட்டின் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வருவாய்த் துறையின் இணையதளத்தில் உங்கள் சர்வே எண்ணைப் போட்டு பட்டா நகலும் புலப்படமும், அதாவது நில அளவை வரைபடமும் எடுத்து, நீங்கள் அளந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2006 வரைபடம் பீரோவில் இருக்கிறதா? இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஊராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதிக் கேளுங்கள், 30 நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்த வரைபடம் உங்களுக்குப் பெரிய பலம். அனுமதி பெற்று, அதன்படியே கட்டிய கீழ்வீடு என்று காட்ட முடிந்தால் பேசுவதற்கு இடம் இருக்கிறது. அது இல்லையென்றால், இருக்கிற கட்டடமே அனுமதி இல்லாத கட்டடம் என்ற இடத்திலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டி வரும்.

பரப்பளவை நினைத்துப் பயப்பட வேண்டாம். மொத்தத் தளப்பரப்பு மனையைப் போல இரண்டு மடங்கு வரை போகலாம் என்பது விதி. உங்கள் 1,500 சதுர அடி மனைக்கு 3,000 வருகிறது, கீழே 900, மேலே 900 என்றால் 1,800தான். சிக்கல் வருவது செட்பேக்கில், அதாவது சுற்றிலும் விட வேண்டிய காலியிடத்தில். நம் ஊர்களில் வீடு கட்டுபவர்கள் சதுர அடியைத்தான் பேசுவார்கள், காலியிடத்தை மீதி என்று நினைப்பார்கள். அலுவலகத்தில் முதலில் அளப்பது அந்த மீதியைத்தான். தெருவின் அகலம், மனையின் அகலம், கட்டடத்தின் உயரம் மூன்றையும் வைத்து அது மாறும். உயரம் 7 மீட்டரைத் தாண்டினால், அதாவது ஏறக்குறைய 23 அடிக்கு மேல் போனால், இன்னும் கூடுதலாக விட வேண்டி வரும். கீழ்வீட்டுக்கு 2 அடி மேடை, இரண்டு தளத்துக்கும் பத்துப் பத்தடி என்றால் உள்ளே அடங்கிவிடுவீர்கள். மேல்வீட்டுக்கு 11 அடி, 12 அடி உயரம் வைத்தால் காற்றாக இருக்கும் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

இடத்துக்கு முன்னால் பெயரைப் பேச வேண்டும். இதை நீங்கள் கடிதத்தில் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள், எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் அவசரமாகத் தெரிகிறது. மாமனார் உயில் எதுவும் எழுதி வைக்காமல் போயிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இன்றைக்கு அந்த வீட்டில் மாமியாருக்கும், உங்கள் கணவருக்கும், இரண்டு நாத்தனாருக்கும் சம பங்கு, ஆளுக்குக் கால் பங்கு. விண்ணப்பம் போட வேண்டியவர் உரிமையாளர். உங்கள் கணவர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் அது நாலில் ஒரு பங்குக்காரரின் கையெழுத்துதான். பேங்கின் வக்கீல் கண்ணில் முதலில் படுவதும் இதுதான். நாத்தனார்கள் நல்லவர்கள், ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்று நீங்கள் சொல்லலாம், நானும் நம்புகிறேன். ஆனால் மேலே 15 லட்சம், 20 லட்சம் போட்டு வீடு எடுத்த பிறகு அவர்களுடைய பிள்ளைகள் காலத்தில் இந்தப் பேச்சு வந்தால், நீங்கள் கட்டிய மேல்மாடியும் சேர்ந்தே வழக்கில் நிற்கும்.

அதனால் தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்று வாங்குங்கள். மாமியாரும் நாத்தனார்களும் மனமொப்பினால் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து உங்கள் கணவர் பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதியுங்கள். குடும்பத்துக்குள் எழுதுவதற்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் 40,000 ரூபாய் என்று உச்சவரம்பு இருக்கிறது, பதிவுக் கட்டணத்துக்கு 10,000. மாமியாருக்கு இப்படி எழுதிக்கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்க மனமில்லை என்றால், அது நியாயமான பயம். அவருடைய பங்கை அவரிடமே விட்டுவிட்டு, கணவரும் மாமியாரும் கூட்டாக விண்ணப்பம் போடலாம், தப்பே இல்லை. பத்திரம் முடிந்ததும் பட்டா மாற்றமும் வீட்டு வரி பெயர் மாற்றமும் சேர்த்தே செய்துவிடுங்கள்.

அடுத்து மனை. 1998-இல் நம் பக்கத்தில் போட்ட மனைகளில் பெரும்பாலானவை பஞ்சாயத்து அப்ரூவல் என்ற பெயரில் விற்றவை. மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரம் நகர் ஊரமைப்புத் துறைக்குத்தான், தலைவர் கையெழுத்துப் போட்ட லே-அவுட்டை அனுமதி பெற்றதாகக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளைப் பதியக்கூடாது என்று தடை போட்டதும், அதற்குப் பிறகு 2017-இல் அந்த மனைகளை வரன்முறைப்படுத்தும், அதாவது சட்டப்படி முறைப்படுத்தும் விதிகள் வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும், அந்த வருடம் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மனை விற்றவர்களும் வாங்கியவர்களும் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2016 அக்டோபர் 20-க்குள் விற்பனை பதிவான மனைகளுக்கு அந்த விதியில் வழி உண்டு, உங்களுடையது 1998 பத்திரம், உள்ளே வருகிறது. விண்ணப்பிக்கும் காலக்கெடுவைப் பலமுறை நீட்டித்திருக்கிறார்கள், இன்றைக்குத் திறந்திருக்கிறதா என்பதை மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். மாமனார் உயிரோடு இருந்தபோதே வரன்முறை ஆணை வாங்கி வைத்திருக்கவும் கூடும், பழைய காகிதக் கட்டைப் பிரித்துப் பாருங்கள். அந்த ஆணை இல்லாமல் கட்டட வரைபடம் நகராது.

இனி படிக்கட்டு. 30 அடி அகல மனையில் 24 அடிக்கு வீடு நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், கிழக்கே 3 அடி, மேற்கே 3 அடி. அந்த 3 அடிச் சந்தில் படிக்கட்டை இறக்கினால் சந்தே போய்விடும், ஆள் நுழைய முடியாது, செப்டிக் டேங்க் லாரியின் குழாயைப் பின்னால் இழுத்துப்போகக்கூட வழி இருக்காது. பக்கத்து வீட்டுக்காரரைப் பகையாளியாகப் பார்க்காதீர்கள். அவர் சொல்வதில் பாதிக்கு மேல் சரி. அந்தச் சந்து காலியாக இருக்க வேண்டும் என்றுதான் விதியும் சொல்கிறது. அவருடைய ஜன்னல் அந்தப் பக்கம் திறந்திருந்து, 20 வருடத்துக்கு மேல் தடையில்லாமல் வெளிச்சமும் காற்றும் வந்துகொண்டிருந்தால், 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி அவருக்கு அதில் ஓர் உரிமையே பிறந்துவிடுகிறது, அதை வைத்து சிவில் கோர்ட்டில் தடையும் கேட்கலாம். உங்கள் சன்ஷேட் நுனியோ, மழைத்தண்ணீர்க் குழாயோ அவர் எல்லைக்குள் ஓர் அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தாலும் அதையும் அவர் எழுதுவார்.

அவர் மனு கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அனுமதி இல்லாமல் கட்டிக்கொண்டிருந்தால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 57-ஆம் பிரிவில் வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வரும், கட்டி முடித்திருந்தால் 56-ஆம் பிரிவில் அகற்றச் சொல்லி வரும், பூட்டி சீல் வைக்கவும் அதிகாரம் இருக்கிறது. திடீரென்று வந்து இடித்துவிட முடியாது, 15 நாள் அவகாசம் கொடுத்து விளக்கம் கேட்டபிறகுதான் எதுவும் செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13-இல் சொல்லியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். அதே நீதிமன்றம் அடுத்த மாதமே, டிசம்பர் 17-இல், அனுமதியில்லாத கட்டடம் எத்தனை வருடம் நின்றாலும், எத்தனை பணம் போட்டிருந்தாலும், அதிகாரிகள் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தாலும் அதெல்லாம் அதைச் சட்டப்படியானதாக ஆக்கிவிடாது என்றும் தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. கட்டிவிட்டு அபராதம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம் என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள். அனுமதியற்ற கட்டடங்களை வரன்முறைப்படுத்த 113-சி என்று ஒரு பிரிவு கொண்டுவந்தார்கள், அது 2007 ஜூலை 1-க்கு முன்னால் கட்டியவற்றுக்குத்தான். இன்றைக்குக் கட்டுவதற்கு அந்த வாசல் கிடையாது.

படிக்கட்டுக்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, அதை வீட்டுக்குள்ளேயே எடுப்பதுதான். ஹாலில் தெற்கு மூலையிலோ, முன் அறையைக் கொஞ்சம் சுருக்கியோ, மூன்றடி அகலத்தில் திருப்பத்தோடு ஒரு படிக்கட்டு வரும். 60, 70 சதுர அடி போகும், மனசு வலிக்கும். ஆனால் சந்து தப்பிக்கிறது, மனு தப்பிக்கிறது, மழையில் நனைந்துகொண்டு மருமகள் ஏறி இறங்க வேண்டியதில்லை. நீங்கள் வாடகைக்கு விடப்போவதில்லையே, மகனுக்குத்தானே, அப்புறம் வெளிவழி எதற்கு?

கடை விஷயத்தில் நீங்கள் வருத்தப்படலாம், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். போர்டிகோவை அடைக்க வேண்டாம். அது 2006 வரைபடத்தில் இல்லை, நிற்பதும் முன்பக்கம் காலியாக விட வேண்டிய இடத்தில். திறந்த கூரையாக இருக்கும்வரை வண்டி நிறுத்துகிற இடம் என்று சொல்லிக்கொள்ளலாம், இரண்டு பக்கம் சுவர் எழுப்பி ஷட்டர் இறக்கிய அடுத்த நிமிடம் அது தெருவோரம் ஒரு கடை. குடியிருப்புக்கு அனுமதி வாங்கிய கட்டடத்தை வணிகத்துக்கு மாற்றியது என்று அது தனி மீறலாகிவிடும். நல்லபடியாக வரவேண்டிய மேல்மாடி அனுமதியையும் சேர்த்து அது முடக்கும். மின்சாரத்திலும் இதே கதைதான். வீட்டு இணைப்பில் கடை ஓட்டுவதைக் கண்டுபிடித்தால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள், எப்போதிலிருந்து என்று தெரியவில்லை என்றால் பின்னோக்கி 12 மாதத்துக்குக் கணக்குப் பார்ப்பார்கள். வீட்டு முன் அறையில் இரண்டு மெஷின் போட்டு நீங்களே தைத்துக்கொடுப்பது வேறு, போர்டு மாட்டி ஷட்டர் திறந்து ஆள் வைத்து நடத்துவது வேறு. இப்போதைக்கு முதலாவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தொழில் பெருகினால் மெயின் ரோட்டில் ஒரு சின்னக் கடை வாடகைக்குப் பிடிப்பது இதைவிடச் செலவு குறைவு.

இனி சட்டத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். மொட்டை மாடியில் மூலைக்கு மூலை கம்பி நீட்டி விட்டிருக்கிறதா? நம் பக்கம் எந்த வீட்டு மாடியில் ஏறினாலும் பின்னால் மேலே எடுக்கலாம் என்று விட்ட காலம் (தூண்) கம்பி இரண்டடி நின்றுகொண்டிருக்கும், அதில் துணிக்கொடியும் கட்டியிருப்பார்கள். உங்களுடையது 2006-இல் விட்ட கம்பி, இத்தனை வருடம் வெயிலிலும் மழையிலும் நின்றிருக்கிறது. ஒரு சுத்தியலை எடுத்து லேசாகத் தட்டிப் பாருங்கள். பழுப்புத் தூள் மட்டும் உதிர்ந்து உள்ளே கம்பி உருண்டையாகவே இருந்தால் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து பயன்படுத்தலாமா என்று இன்ஜினியர் பார்த்துச் சொல்வார். செதில் செதிலாகப் பெயர்ந்து வந்தால், முக்கியமாகத் தளத்தோடு சேருகிற அடிப்பகுதியில் இடுப்பு ஒடுங்கியது மாதிரி மெலிந்திருந்தால், அதை நம்பி ஒரு கல்கூட வைக்கக்கூடாது. நீளமும் போதாது, 12 எம்எம் கம்பியோடு புதுக் கம்பி சேர்ந்து நிற்க 2 அடியாவது ஒட்டி வரவேண்டும். ஓர் அடிதான் விட்டிருக்கிறது, வெல்டிங் வைத்துக்கொள்ளலாம் என்று மேஸ்திரி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கீழே பூட்டிங், அதாவது அடித்தளம், இரண்டு மாடிக்குப் போட்டிருக்கிறது என்று வாய்வழியாகச் சொல்வதும் எனக்குப் போதாது. ஒரு மூலையில் மட்டும் குழி தோண்டி, எத்தனை அடி ஆழத்தில், எவ்வளவு அகலத்தில் இருக்கிறது, கீழே செம்மண்ணா, கரிசலா, கெட்டிப்பாறையா என்று கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டு மூலையை ஒரே நேரத்தில் தோண்டவே தோண்டாதீர்கள். காலம் இல்லாமல் 9 அங்குலச் சுவரே தளத்தைத் தாங்குகிற வீடாக இருந்தால் மேல்சுவர் கீழ்ச்சுவர் மேலேயேதான் வரவேண்டும். மேலே ஹாலைப் பெரிதாக்கலாம் என்று தளத்தின் நடுவில் சுவர் எழுப்பக்கூடாது. இதையெல்லாம் பார்த்து, கட்டடம் தாங்கும் என்று ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற சான்றிதழ் விண்ணப்பத்துக்கும் உதவும், உங்கள் தூக்கத்துக்கும் உதவும். அதற்கு ஆகிற செலவு ஒரு லோடு எம்-சாண்ட் விலையோடு ஒப்பிடுகிற அளவுதான்.

மாடியில் நிற்கும்போது தெருவில் போகிற மின்கம்பியையும் பாருங்கள். கீழ்வீட்டுக்குத் தொந்தரவில்லாமல் இருந்த கம்பி மேல்தளம் வந்ததும் பால்கனிக் கைப்பிடிக்குப் பக்கத்தில் வந்துவிடும். 11,000 வோல்ட் லைன் என்றால் பக்கவாட்டில் 1.2 மீட்டர், கட்டடத்துக்கு மேலாகப் போனால் 3.7 மீட்டர் இடைவெளி கட்டாயம். லைனை நகர்த்த மின்வாரியத்தில் விண்ணப்பிக்கலாம், செலவை நீங்கள்தான் கட்ட வேண்டும், தளம் போட்ட பிறகு போய் நிற்காமல் இப்போதே மனு கொடுங்கள்.

விண்ணப்பத்தை இப்போது யாரும் காகிதக் கட்டாகத் தூக்கிக்கொண்டு போவதில்லை, பதிவு பெற்ற பொறியாளர் வழியாக ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஏற்ற வேண்டும். தலைவரைப் பார்த்துக் கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் பணம் கொடுக்காதீர்கள். நம் மாவட்டத்தில் 2019 தேர்தலில் வந்த ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு தனி அலுவலர்களைப் போட்டார்கள். முன்தேதியிட்ட கையெழுத்து என்று ஒரு தாளை நீட்டினால் அது உங்களையும் சேர்த்து வழக்கில் மாட்டிவிடும்.

2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறதே என்று பையன் கேட்கலாம். 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும், உயரம் 7 மீட்டருக்குள் என்பது அப்போது அறிவித்த வரம்பு. எண்ணிக்கையில் நீங்கள் உள்ளே வருகிறீர்கள். ஆனாலும் உங்கள் வீட்டுக்கு அந்த வழியை நான் சொல்லமாட்டேன். அதில் விதிப்படி எல்லாம் சரியாக இருக்கிறது என்று நீங்களே உறுதிமொழி கொடுக்கிறீர்கள். வரைபடத்தில் இல்லாத போர்டிகோவை முன்னால் வைத்துக்கொண்டு அந்த உறுதிமொழியில் கையெழுத்துப் போடக்கூடாது. வழக்கமான வழியில், இருப்பதை இருப்பதாகக் காட்டி, போர்டிகோவை என்ன செய்வது என்று கேட்டு, எடுக்கச் சொன்னால் எடுத்துவிட்டு அனுமதி வாங்குங்கள். அப்படி வாங்கிய வரைபடத்தைத்தான் பேங்கும் கேட்கிறது, மழைநீர்த் தொட்டியையும் அதில் மறக்காமல் காட்டச் சொல்லுங்கள், 2003-லிருந்து அது கட்டாயம்.

கட்டணங்களோடு தொழிலாளர் நலநிதிக்குக் கட்டுமானச் செலவில் 1 சதவீதம் கேட்கக்கூடும், உங்களுக்குப் பொருந்துமா என்று விசாரித்து அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் வீட்டு வரி கூடும், அதை நீங்களே போய்ச் சொல்லிப் போட்டுக்கொள்வது நல்லது, வரி ரசீது நாளைக்கு ஒரு ஆவணம். ஆனால் ஒன்று, வரி கட்டிவிட்டோம் என்பதற்காகக் கட்டடம் அனுமதி பெற்றதாக ஆகாது. இதை நம்பி ஏமாந்தவர்கள் நம் ஊரில் நிறைய.

கடைசியாகத் தை மாதம். வாரிசுச் சான்று, விடுதலைப் பத்திரம், பட்டா மாற்றம், மனை ஆணை, அதற்குப் பிறகு வரைபடம், அதற்குப் பிறகு பேங்க். ஒன்று முடிந்துதான் அடுத்ததைத் தொட முடியும், தைக்குள் மேல்மாடி எழும்பாது. நகையை அடகு வைத்துத் தளத்தைப் போட்டுவிடலாம், காகிதத்தைப் பிறகு பார்க்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்தால் நீங்கள்தான் அம்மா தடுக்க வேண்டும். கல்யாணத்தைக் கீழ்வீட்டிலேயே வைத்து, மணமக்களுக்கு உங்கள் அறையைக் கொடுத்துவிட்டு, அல்லது பக்கத்துத் தெருவில் ஆறு மாதத்துக்கு ஒரு வீடு வாடகைக்குப் பார்த்து, வைகாசி ஆனியில் வேலையைத் தொடங்குங்கள். கல்யாணத்துக்கு நாத்தனார்கள் இரண்டு பேரும் வருவார்களே, சடங்கெல்லாம் முடிந்ததும் அவர்களை இரண்டு நாள் தங்கச் சொல்லி, ஆதார் அட்டையோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வந்துவிடுங்கள். வாரிசுச் சான்றுக்கு இந்த வாரமே விண்ணப்பித்தால் அதற்குள் கையில் இருக்கும். மாமியாருக்கு நடக்க முடியாது என்றால் தகுந்த காரணம் காட்டிச் சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைத்துப் பதியவும் பதிவுச் சட்டத்தில் வழி இருக்கிறது, முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள்.